மிளகில்லாத மிளகுத்தண்ணீர்
பழைய சமையல் நூல்களில் நம் பெயரில் உலவும் போலிகள்



நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம். மும்பை மஸ்ஜித் பந்தரில் நாற்பது வருஷமாக மிளகு, மிளகாய், தனியா வியாபாரம். ஓய்ந்த நேரத்தில் பழைய புத்தகம் புரட்டுவது ஒன்றுதான் எனக்குள்ள கெட்ட பழக்கம். ஆகவே இந்தக் கட்டுரையைப் பண்டிதர் எழுத்தாக எண்ணாமல், ஒரு மளிகைக்காரன் போட்ட கணக்காகப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. மூட்டையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து யாரும் விலை பேச மாட்டார்கள். கை விட்டு அள்ளிப் பார்ப்போம். ஒரு லிட்டர் படியில் அளந்து எடை போடுவோம். கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். பொக்கும், கலப்படம் செய்த பப்பாளி விதையும் மேலே மிதக்கும். பழைய சமையல் நூல்களையும் இப்படித் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதற்கு நம்ம மிளகுத்தண்ணீரையே எடுத்துக்கொண்டேன்.

பெயர் நம்முடையது, பண்டம் யாருடையது?

சில வருஷங்களுக்கு முன் வியாபாரிகள் கூடிய ஒரு பகல் விருந்து, பழைய கிளப் ஒன்றில் நடந்தது. உணவுப் பட்டியலில் முதல் வரி ‘மல்லிகடானி சூப்’. பக்கத்தில் இருந்த குஜராத்தி நண்பர், “சேட், இது உங்க ஊர் ஐட்டம் ஆச்சே, எடுத்துக்குங்க” என்று உபசாரம் செய்தார். பரிமாறியவரிடம் எதில் செய்தது என்று கேட்டேன். கோழிச் சாறு என்றார். என் தாய்மொழியில் பெயர் வைத்த ஒரு பண்டத்தை, பிறவியிலிருந்து புலால் தொடாத நான் தொட முடியவில்லை. நண்பர் பாவம், ரொம்ப வருத்தப்பட்டார்.

பெயரைப் பற்றிச் சந்தேகமே இல்லை. 1886இல் யூல், பர்னெல் இருவரும் வெளியிட்ட ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி, அது ‘மிளகுத்தண்ணீர்’ என்ற தமிழ்ச் சொல்லே என்று சொல்லிவிட்டது. சென்னை மாகாணத்து வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ‘மல்’ என்று பட்டப்பெயர் இருந்ததாகவும், அது இந்தச் சொல்லின் சுருக்கம் என்றும் அதே அகராதி சொல்கிறது. ஆளுக்கே ரசத்தின் பெயரை வைத்துவிட்டார்கள்!

இந்தச் சொல் ஆங்கிலத்தில் ஏறியதற்கு அந்த அகராதி காட்டும் பழைய சான்று 1784ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பாட்டு. ஹைதர் அலியிடம் சிறைப்பட்டு பெங்களூர்ச் சிறையில் கிடந்த ஒரு கப்பல்படைக்காரர், தம் விதியை நொந்து, கஞ்சியும் மிளகுத்தண்ணீரும்தான் சாப்பாடு என்று பாடியது. இதைக் கவனிக்க வேண்டும். ஒரு துரை சூப் கேட்டதாகவும், சூப் என்றால் என்னவென்று தெரியாத மதராஸ் சமையல்காரர் ரசத்தில் கறியைப் போட்டுக் கொடுத்ததாகவும் ஒரு கதை ஊரெல்லாம் சொல்லப்படுகிறது. அந்தக் கதையில் வருஷமும் இல்லை, துரைக்குப் பெயரும் இல்லை, வீடும் இல்லை. சான்று காட்டுவது வேறு. இந்தப் பெயர் விருந்து மேசைப் பண்டமாக ஊருக்குத் தெரிவதற்கு முன்பே, சிறைக் கஞ்சியோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

லண்டனில் ஏறிய சரக்கு

1845இல் எலைசா ஆக்டன் என்ற அம்மையார் லண்டனில் வெளியிட்ட சமையல் நூலில் மல்லிகடானி இடம் பெற்றுவிட்டது. 1861இல் திருமதி பீட்டன் வெளியிட்ட பெரிய நூலிலும் வந்தது. பீட்டன் அம்மையாருக்கு அப்போது வயது 25. இந்தியாவைக் கண்ணால் பார்த்தவர் அல்லர். அவர் நூலின் சமையல் குறிப்புகளில் பெரும்பாலானவை மற்றவர் நூல்களிலிருந்து எடுத்தவை என்பது இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆக்டன் அம்மையாரிடமிருந்தும் நிறைய எடுத்திருக்கிறார்.

பீட்டன் சொல்லும் சாமான்கள் இவை: கறிப் பொடி 2 மேஜைக் கரண்டி, வெங்காயம் 6, பூண்டு 1 பல், அரைத்த பாதாம் 1 அவுன்ஸ், கொஞ்சம் எலுமிச்சை ஊறுகாய் அல்லது மாங்காய்ச் சாறு, கோழி அல்லது முயல் ஒன்று, பன்றி இறைச்சி 4 துண்டு, இறைச்சிச் சாறு 2 குவார்ட்டு. எங்கள் கடையில் ஒரு பெண்பிள்ளை இந்தச் சீட்டைக் கொண்டுவந்து “மிளகுத்தண்ணிக்குச் சாமான் குடுங்க” என்று கேட்டால் நான் என்ன நினைப்பேன்? புளி இல்லை. சீரகம் இல்லை. மிளகு என்ற சொல்லே பட்டியலில் இல்லை. கறிப் பொடிக்குள் ஒளிந்திருந்தால்தான் உண்டு. தண்ணீரும் இல்லை, இறைச்சிச் சாறுதான். ‘மிளகு’ ‘தண்ணீர்’ என்ற இரண்டு சொல்லும் போன பிறகு மிச்சம் இருந்தது பெயர் மட்டும்தான்.

மதராஸில் கேட்ட குரல்

இதோடு ஒப்பிட இன்னொரு நூல் இருக்கிறது. கர்னல் கென்னி ஹெர்பர்ட் என்ற ராணுவ அதிகாரி, ‘வைவர்ன்’ என்ற புனைபெயரில் 1878இல் மதராஸிலேயே வெளியிட்டது. இவர் இங்கே வாழ்ந்தவர், அடுப்படியைப் பார்த்தவர். ‘மல்லிகடானி’யின் வேர்ச் சொற்களை இவர் ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் ‘மொளகு’ என்றும் ‘தண்ணி’ என்றும்தான் ஒலிக்கிறது. அகராதியில் இருப்பது மிளகும் தண்ணீரும். ‘மொளகு’, ‘தண்ணி’ என்பது நம் வீட்டில் பேசுவது. ஆக, மனுஷர் இதை அகராதியில் பார்க்கவில்லை, சமையல்காரர் வாயிலிருந்து கேட்டிருக்கிறார். கறிவேப்பிலையை அவர் ‘கரேபாக்’ என்ற மாதிரி எழுதுவதில் தெலுங்குச் சாயல் இருக்கிறது. அந்தக் காலத்து மதராஸ் அடுப்படியில் பேசிய பாஷை அப்படியே அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவர் தரும் ஏழைகளின் மிளகுத்தண்ணீரில் புளி, சிவப்பு மிளகாய் 6, பூண்டு 6 பல், கடுகு, வெந்தயம், மிளகு 12, உப்பு, கறிவேப்பிலை 6 இலை. அரைத்து, தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து, வெங்காயம் வதக்கிய சட்டியில் வடித்துச் சேர்க்க வேண்டும். நிறைய சோற்றோடு சாப்பிடுவது என்றும், ஆங்கிலேயர்தாம் இதில் கோழி, ஆட்டிறைச்சி, மாவு, வெண்ணெய் சேர்த்துக் கெட்டியாக்கினார்கள் என்றும் அவரே வெளிப்படையாக எழுதிவிட்டார். பீட்டனுக்கு இல்லாத நேர்மை இது.

ஆனாலும் இதையும் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும் இல்லையா? வெங்காயம் வதக்க அவர் சொல்வது, இறைச்சி வறுக்கும்போது வடிகிற கொழுப்பு. நம்ம ஊர் ஏழைக் குடிசையில் அதற்கு எங்கே போவது? அது துரை வீட்டுச் சமையற்கட்டில் கிடைக்கிற பொருள். சமையல்காரர் தம் வீட்டுப் பண்டத்தைத் துரை வீட்டு அடுப்பில் செய்து காட்டியிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. நல்ல மிளகு மூட்டையிலும் நாலு பொக்கு இருக்கும்.

அப்படியானால் அசல் எது?

இங்கேதான் நாமும் கொஞ்சம் அடக்கமாகப் பேச வேண்டும். மிளகாய் நம் நாட்டுச் செடி அல்ல. 1498க்குப் பிறகு போர்ச்சுக்கீசியர் வழியாக அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மிளகு போலக் காரமான காய் என்பதால் மிளகாய் என்று பெயர் வைத்தார்கள் நம் முன்னோர். தக்காளி அதற்கும் பின்னால் வந்தது. அதனால்தான் ‘சீமைத் தக்காளி’ என்றார்கள். 1878இல் வைவர்ன் தந்த குறிப்பில் தக்காளி இல்லை. இன்று தக்காளி இல்லாத ரசத்தை எத்தனை வீட்டில் வைக்கிறோம்? கன்னடத்தில் மூன்றாம் மங்கரசர் என்ற சமணப் புலவர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘சூபசாஸ்திரம்’ என்று மரக்கறிச் சமையலுக்கே ஒரு நூல் எழுதினார். மிளகாய் நம் அடுப்புகளுக்குப் பழகாத காலம் அது. அவர் இன்று வந்தால் நம் குழம்பைப் பார்த்து ‘இது என்ன புதுசு’ என்பார்.

ஆகையால் மாறியதெல்லாம் போலி என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் வீட்டு மொளகு தண்ணியில் வெங்காயமும் கிடையாது, பூண்டும் கிடையாது. மிளகு, சீரகம், புளி, துவரம்பருப்புத் தெளிவு, பெருங்காயம், நெய்யில் கடுகு. அவ்வளவுதான். பூண்டு தட்டிப் போடும் வீட்டுக்காரர் அதைப் போலி என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் அவருடையதைப் போலி என்றாலும் தப்பு. இரண்டு வீட்டிலும் மிளகு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, சோறு இருக்கிறது. பெயருக்கும் பண்டத்துக்கும் உள்ள உறவு அறுபடவில்லை. அந்த உறவை அறுத்துவிட்டு, பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ‘இதுதான் அவர்கள் உணவு’ என்று அச்சிட்டு விற்கும்போதுதான் அது போலியாகிறது.

நமக்கு ஏன் இந்தக் கவலை?

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு இது வெறும் ஆராய்ச்சி விஷயம் அல்ல. ஊரில் இருக்கிற பெண் அம்மாவின் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறாள். நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் புத்தகத்தைப் பார்க்கிறார்கள். புத்தகம் இன்னொரு புத்தகத்தைப் பார்த்து எழுதியதாக இருந்தால், ‘மதராஸ் கறிப் பொடி’தான் தமிழன் சமையல் என்று நம் பேரக்குழந்தையே நம்பும். நம் சமையலில் குழம்புக்கு ஒரு பொடி, ரசத்துக்கு ஒரு பொடி, கூட்டுக்கு அரைத்துவிடுவது என்று தனித்தனி. எல்லாவற்றுக்கும் ஒரே டப்பா என்பது கப்பலில் ஏற்றச் சௌகரியமாக ஆன ஏற்பாடு.

நல்ல நூல்கள் இல்லாமல் இல்லை. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் ‘சமைத்துப் பார்’ எழுதியதால், ஊர் விட்டுப் போன எத்தனையோ புதுப்பெண்கள் பட்டினி கிடக்காமல் பிழைத்தார்கள். ஆனால் அதுவும் ஒரு வீட்டு அடுப்பின் கணக்குத்தான். செட்டிநாட்டு அடுப்பு வேறு, கொங்கு நாட்டு அடுப்பு வேறு, நெல்லை வேறு, எங்கள் வடாற்காட்டுச் சமணர் வீடு வேறு. எழுதாமல் விட்ட வீட்டுக்காரர்களுக்காக வேறு யாரோ எழுதுவார்கள், அவர்களுக்குத் தெரிந்தபடி எழுதுவார்கள். வைவர்னுக்கு ‘மொளகு’ என்று சொல்லிக் கொடுத்த அந்தச் சமையல்காரரை ‘முத்துசாமி’ என்று பொதுப்பெயரால் குறித்ததோடு நூல் நிறுத்திவிட்டது. அவர் தம் கையால் நாலு வரி எழுதி வைத்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை.

நம் சங்கத்தில் எல்லா ஊர்க்காரர்களும் இருக்கிறோம். அவரவர் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே, அவர்கள் சொல்கிற சொல்லிலேயே, ‘ஒரு கை’, ‘ஒரு சிட்டிகை’ என்பதை அளந்து பார்த்து, ஊர்ப் பெயரும் செய்தவர் பெயரும் போட்டு எழுதி வைப்போம். எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, பிழை இருந்தாலும் பரவாயில்லை. கூடவே, யாரிடம் கேட்டது என்று ஒரு வரி சேர்த்து விடுங்கள்.