பிரெஞ்சுத் திரைப்படமும் அரசும்: ‘பண்பாட்டு விதிவிலக்கு’ பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

திரைப்படம் ஒரு கலை. அதேவேளை அது பெருமூலதனம் வேண்டி நிற்கும் ஒரு கைத்தொழிலுமாகும். இவ்விரு தன்மைகளுக்குமிடையேயுள்ள முரண்பாட்டை அரசொன்று எவ்வாறு எதிர்கொள்ளலாம் என்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பிரான்சு தரும் உதாரணம் ஊன்றி நோக்கத்தக்கது. 1993இல் உலக வர்த்தகப் பேச்சுவார்த்தைகளில் முனைப்புப் பெற்ற ‘பண்பாட்டு விதிவிலக்கு’ என்னும் கோரிக்கையைத் தேசிய உணர்ச்சியின் வெளிப்பாடாகவே சிலர் கொள்வர். ஆயின், அதன் பொருளியல் அடித்தளம் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்னரே இடப்பட்டுவிட்டது.

போரினால் நலிவுற்ற பிரான்சு, 1946இல் ஐக்கிய அமெரிக்காவுடன் பிளம்–பேர்ன்ஸ் உடன்படிக்கையைச் செய்துகொண்டது. கடன் நிவாரணத்தோடு இணைந்திருந்த அவ்வுடன்படிக்கை, காலாண்டொன்றின் பதின்மூன்று வாரங்களில் நான்கினை மட்டுமே பிரெஞ்சுப் படங்களுக்கு ஒதுக்கியது. திரைத்துறையினர் பாரிஸ் வீதிகளில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். 1946இலேயே தேசியத் திரைப்பட நிலையம் தோற்றம்பெற்றது. 1948இல் நுழைவுச்சீட்டு மீதான வரியை ஆதாரமாகக்கொண்ட உதவித் திட்டம் சட்டமாயிற்று. எந்நாட்டுப் படமாயினும் அதன் சீட்டுக்கு வரி உண்டு. அந்நிதியோ பிரெஞ்சுப் படத் தயாரிப்புக்குச் செல்லும். எனவே ஹொலிவூட் படத்தின் வெற்றியும் பிரெஞ்சுப் படத்துக்கு ஓரளவு மூலதனமாயிற்று. 1959இல், மல்றோ பண்பாட்டமைச்சராயிருந்த காலத்தில், வருவாய் மீதான முற்பண முறை ஏற்படுத்தப்பட்டது. வணிக வெற்றி ஐயத்துக்குரிய ஆக்கங்களுக்கும் அது வழிதிறந்தது.

எனினும், பார்வையாளர் தொகை வீழ்ச்சியுற்றது. 1957இல் 41 கோடியாயிருந்த வருகை, 1992இல் 11.6 கோடியாகக் குறைந்தது. 1984இல் தொடங்கிய ‘கனால் பிளஸ்’ உள்ளிட்ட தொலைக்காட்சி நிறுவனங்களின் நிதி இன்றியமையாததாயிற்று. ஒரு சார்புநிலையிலிருந்து விடுபட முனைந்த திரைப்படம் பிறிதொன்றிற் சிக்கியது எனலாம்.

1993 இலையுதிர்காலத்தில் குளோட் பெரியின் ‘ஜேர்மினால்’, ஸ்பீல்பேர்க்கின் ‘ஜுராசிக் பார்க்’ ஆகிய இரண்டும் பிரான்சில் அடுத்தடுத்துத் திரையிடப்பட்டன. ஒவ்வொன்றையும் அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் கண்டனர். அவ்வாண்டு டிசெம்பரில் பேச்சுவார்த்தை முடிவுற்றபோது, ஐரோப்பிய நாடுகள் திரைப்படத் துறையைத் திறந்துவிடும் வாக்குறுதி எதனையும் வழங்கவில்லை. ஆயினும் ‘விதிவிலக்கு’ என்னும் சொல் உடன்படிக்கையில் இடம்பெறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. பெறப்பட்டது கால அவகாசமேயன்றி நிரந்தர உரிமையன்று. 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோ சமவாயம் ‘பண்பாட்டுப் பன்மைத்துவம்’ என்னும் பெயரில் அக்கோரிக்கையைச் சர்வதேசத் தளத்துக்கு இட்டுச்சென்றது.

இப்பாதுகாப்பு யாருக்கானது என்னும் வினா எழுதல் இயல்பு. போலந்து நாட்டவரான கீஸ்லோவ்ஸ்கியின் மூவண்ணப் படங்கள் (1993–94) பிரெஞ்சுத் தயாரிப்பிலேயே உருவாயின. பாரிஸ் புறநகர்களின் குடியேற்றத்தார் வாழ்வையும் பொலிஸ் வன்முறையையும் கசோவிற்சின் ‘வெறுப்பு’ (1995) உலகறியச் செய்தது. தேசத்தின் பெயரால் அமைந்த ஓர் ஏற்பாடு பிறநாட்டுக் கலைஞனுக்கு இடமளித்ததோடு, தன் சமூகத்தையே விசாரிக்கும் குரலையும் ஒடுக்காது விட்டது. வரியும் வாரியமும் மட்டும் கலையைப் படைத்துவிடா. ஆனால் சந்தையின் தீர்ப்புக்கு அப்பால் ஒரு கலை வாழ்வதற்கான காலத்தை அவற்றால் ஈட்டித்தர முடியும் என்பதையே பிரெஞ்சு அனுபவம் உணர்த்துகின்றது.