தீராத மீதி: நிளா நதிக்கரையின் கணிதம்

ஆனைமலைத் தொடரிற் பிறந்து, பாலக்காட்டு வயல்களுக்கு வளமூட்டி, பொன்னானியருகே அரபிக் கடலிற் கலக்கும் பாரதப்புழைக்கு நிளா என்றும் பெயர் உண்டு. பாலக்காட்டுத் தமிழர் நன்கறிந்த நதி இது. ஆயினும், இதன் முகத்துவாரத்தை அடுத்த ஊர்களில் தழைத்த கணித மரபை நம்மிற் பலர் அறியார். பள்ளியில் நாம் கற்ற பல்லுறுப்புக் கோவை வகுத்தலே அம்மரபினுட் புக எளிய வாயில்.

கோவை வகுத்தலில் ஈவின் ஓர் உறுப்பைக் கண்டு, பெருக்கிக் கழித்து, மீதியை மீண்டும் வகுக்கிறோம். மீதியின் படி வகுத்தியின் படியினுங் குறைந்ததும் நிறுத்துகிறோம். நிறுத்தாது சென்றால் என்ன நிகழும்? மாறிலியை முன்வைத்து, 1 என்பதை 1 + அ என்பதால் வகுத்துப் பாருங்கள். ஈவு 1, மீதி −அ. அதனையும் வகுக்க, ஈவில் −அ சேரும், மீதி அ². இவ்வாறு 1 − அ + அ² − அ³ என ஈவு நீளும், மீதி தீராது. எனினும், அ ஒன்றினுஞ் சிறிய பின்னமாயின் மீதி படிப்படியாகத் தேயும்.

பாக்தாதிற் பிறந்த அஸ்ஸமவ்அல் 12-ஆம் நூற்றாண்டிலேயே குணகங்களை அட்டவணையிட்டுக் கோவைகளை வகுத்தார். முடிவுறாத ஈவின் உறுப்புகள் ஓர் ஒழுங்கில் வருவதையும் கண்டார். கேரளத்தில் இக்கருத்து வேறொரு வழியில் வளர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர் இயற்றிய ‘யுக்திபாஷை’, வகுத்தியை எளிதாக்கி, அதனால் நேரும் பிழையைத் திருத்தி, அத்திருத்தத்தையும் மீண்டும் திருத்தி, மேற்கூறிய விரிவையே அடைகிறது. அ நின்ற இடத்தில் அதன் வர்க்கத்தை வைத்து, வட்டத்தைச் சூழ்ந்த சதுரத்தின் பக்கத்தை நுண்பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் இவ்விரிவை எழுதிக் கூட்டினால், 1 − 1/3 + 1/5 − 1/7 என்னுந் தொடர் பிறக்கும். அதன் நான்கு மடங்கே பரிதிக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதம். சங்கமகிராம மாதவருக்கு உரியதாகக் கருதப்படும் இத்தொடரை ஐரோப்பாவில் லைப்னிஸ் 1670-களிற் கண்டார்.

‘யுக்திபாஷை’ வடமொழிச் செய்யுளில் அன்று, மலையாள உரைநடையில் எழுந்தது. முடிவை மட்டும் கூறாமல், அதற்குரிய காரணத்தையும் மாணவனுக்கு அவன் பேசும் மொழியிலேயே விளக்கிற்று. ஆயினும், அம்மொழி அறியாத உலகம் அதனை அறியவில்லை. கிழக்கிந்தியக் கும்பனி அதிகாரி சார்லஸ் விஷ் 1830-களில் எழுதிய கட்டுரையும் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1948-இல் ராமவர்ம மரு தம்புரானும் அகிலேசுவர ஐயரும் திருச்சூரில் அதன் கணிதப் பகுதியை விளக்கக் குறிப்புகளுடன் பதிப்பித்தனர், கே. வி. சர்மாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அவர் மறைவுக்குப்பின் 2008-இல் வெளிவந்தது.

தாய்மொழியில் எழுதியதால் அந்நூல் மாணவனுக்கு விளங்கிற்று. மொழிபெயர்த்ததால் உலகுக்கும் விளங்கிற்று. வேற்று மாநிலங்களில் இருமொழிகளுக்கிடையே வாழும் நமக்கு இவ்விரண்டும் உரிய பணிகளே. நம் குழந்தைகள் வேறெம்மொழியிற் கணிதம் பயின்றாலும், மீதி ஏன் தீரவில்லை என்று கேட்கும்போது, ஈவு, மீதி, வகுத்தி என்னும் சொற்களால் வீட்டிலேயே விடை கூற நம்மால் இயலவேண்டும்.