ஒன்பதாவது பயிற்றுநர்

2007இல் எம்எல்எஸ் உதைபந்தாட்டத் தொடரில் சேர்ந்த முதலாவது கனடியக் கழகம் ரொறன்ரோ எஃப்சி. முதல் நான்கு ஆட்டங்களில் அதற்கு ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. மே 12ஆம் திகதி டனி டிக்கியோ முதல் கோலை அடித்தபோது இரசிகர்கள் இருக்கை மெத்தைகளை மைதானத்துக்குள் வீசிக் கொண்டாடினார்கள். அதன்பின் எட்டுப் பருவங்கள் பிளேஓஃப் சுற்றை எட்டாமலே கழிந்தன.

பணத்துக்குக் குறைவில்லை. 2014இல் மைக்கல் பிராட்லியையும் ஜேர்மைன் டெஃபோவையும் வாங்கியும் பலனில்லை. குறைந்தது பொறுமைதான். அவ்வாண்டு ஓகஸ்ட்டில் பொறுப்பேற்ற கிரெக் வானி, தற்காலிகமாக இருந்தோரையும் சேர்த்தால், ஒன்பதாவது பயிற்றுநர்.

2015இல் ஜியோவின்கோவும் அல்ற்றிடோரும் வந்தார்கள். முதலாவது பிளேஓஃப் ஆட்டம் மொன்றியலிடம் 3-0 தோல்வியில் முடிந்தது. 2016 இறுதியாட்டத்தில் சியாற்றில் அணி 120 நிமிடங்களில் கோலை நோக்கி ஒரு உதைகூட உதைக்கவில்லை; பெனல்ற்றியில் வென்றுவிட்டது. பழைய வழக்கப்படியென்றால் பயிற்றுநர் வீட்டுக்குப் போயிருப்பார். இம்முறை கழகம் அவரை வைத்துக்கொண்டது.

2017இல் 34 ஆட்டங்களில் 69 புள்ளிகள், அன்றைய சாதனை. கனடிய வெற்றிக்கிண்ணமும் கிடைத்தது. டிசம்பர் 9ஆம் திகதி அதே பிஎம்ஓ மைதானத்தில், அதே சியாற்றிலை, அல்ற்றிடோரும் வாஸ்கெஸும் அடித்த கோல்களால் 2-0 என வென்றார்கள். ஒரே ஆண்டில் இம்மூன்றையும் வென்ற முதலாவது எம்எல்எஸ் கழகம் இதுவே.

2018இல் சறுக்கியபோதும் வானி நீக்கப்படவில்லை. 2019இல் மீண்டும் இறுதியாட்டம். 2020 முடிவில் அவர் விலகினார். பயிற்றுநர்கள் மறுபடி மாறத் தொடங்கினார்கள். 2021 முதல் 2024 வரை பிளேஓஃப் வாசலைக் கழகம் மிதிக்கவில்லை.