வழியும் வாய்க்காலும்: 1866ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் இரு பிரிவுகள்

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றை வாசித்தவர்களுக்கு அதன் பிற்பகுதி பரிச்சயமானது. நாலு பக்கத்து எல்லைகளையும் சொல்லி முடித்த நொத்தாரிசு, கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை என்று எழுதுவார். காணிக்குள் வண்டி வர ஒரு வழியும் தண்ணீர் பாய ஒரு வாய்க்காலும் இல்லையேல் அந்தக் காணியை யாரும் விலை கேட்கமாட்டார்கள். 1866 யூலை 26இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டமொன்றைப் படித்தபோது எனக்கு அந்த உறுதி வாசகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதன் எட்டாம் பிரிவு வழியைப் பற்றியது. ஒன்பதாம் பிரிவு வாய்க்காலைப் பற்றியது. யூட்டா மாநிலத்தின் பாலைநிலத்துக்குள் ஜீப்பும் நான்கு சில்லு வண்டிகளும் ஓட்டும் உரிமைக்காக நடந்துவரும் வழக்குகள் எட்டாம் பிரிவிலேயே வேர்கொண்டிருக்கின்றன. மேற்கு மாநிலங்களின் நீருரிமைச் சட்டங்களுக்கு மத்திய அரசின் அங்கீகாரத்தைத் தந்தது ஒன்பதாம் பிரிவு.

இதைச் சூழலியலாளருக்கும் வண்டியோட்டிகளுக்கும் இடையிலான பிணக்கு என்று ஒதுக்கிவிடுவோர் எம்மிடையே உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் இடத்தைப் பயன்படுத்தியவனுக்கு அங்கு உரிமை பிறக்கிறது என்ற கோட்பாடு எப்படி உருவானது, எவருடைய பயன்பாட்டைச் சட்டம் கண்ணால் கண்டது, எவருடையதைக் காணாமல் விட்டது என்பதே இங்குள்ள கேள்வி. நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் இந்தக் கேள்வியை மற்றவர்களுக்கென்று விட்டுவிட முடியாது.

1848இல் கலிபோர்ணியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. திரண்டு வந்த சுரங்கக்காரர்கள் தோண்டிய நிலம் மத்திய அரசினுடையது. அங்கே தோண்டுவதற்கு அனுமதிக்கும் சட்டம் எதுவும் அப்போது இருக்கவில்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அத்துமீறிக் குடியேறியவர்கள். ஆகவே முகாம்கள் தாமாகவே விதிகளை வகுத்தன. முதலில் வந்து குத்தியவனுக்கு இடம். முதலில் மறித்துத் திருப்பியவனுக்குத் தண்ணீர். ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ஆற்றங்கரைக் காணி வைத்திருப்பவனுக்கே நீரில் உரிமை. இங்கோ கரையில் ஒரு சாண் நிலமில்லாதவனும் பல மைல் தூரத்துக்கு வாய்க்கால் வெட்டி ஆற்றையே கொண்டுபோகலாம். 1855இல் அந்த மாநிலத்தின் உயர்நீதிமன்றம் இந்த வழமையை ஏற்றுக்கொண்டது. வழமை என்று சொல்லும்போது அது எல்லோருக்குமான வழமையாக இருக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1850இலேயே வெளிநாட்டுச் சுரங்கக்காரர்மீது வரி விதிக்கப்பட்டது. பின்னர் அதன் சுமை பெரும்பாலும் சீனர்கள்மீது விழுந்தது. அந்த ஆறுகளின் ஆதிக்குடிகளோ வரி கட்டும் கணக்கிற்கூட வரவில்லை.

நெவாடாவின் செனற்றர் வில்லியம் ஸ்ருவேட் சுரங்க உரிமையாளர்களின் சட்டத்தரணியாக இருந்தவர். உள்நாட்டுப் போர் முடிந்தபின் அரச நிலத்துச் சுரங்கங்களை விற்றுக் கடனை அடைக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, முகாம்களின் வழமையைச் சட்டமாக்க முன்னின்றவர் அவரே. பிரதிநிதிகள் சபையின் நிலக் குழு எதிர்த்து நின்றபடியால் குறுக்குவழி ஒன்று கையாளப்பட்டது. வாய்க்கால் சொந்தக்காரர்களுக்கு அரச நிலத்தினூடாக வழி கொடுப்பது பற்றிய சாதுவான சட்டமூலம் ஒன்றின் தலைப்பை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மாற்றிவிட்டார்கள். அதனால்தான் சுரங்கச் சட்டமான இதற்கு இன்றுவரை வாய்க்கால் சட்டத்தின் பெயர். நாடாளுமன்றத் தந்திரங்களைக் கண்டு பழகிய எமக்கு இதில் ஆச்சரியப்பட எதுவுமில்லை.

அதன் எட்டாம் பிரிவு ஒரேயொரு வாக்கியம். பொதுத் தேவைக்கென ஒதுக்கப்படாத அரச நிலங்களின் மேலாகப் பெருந்தெருக்கள் அமைக்கும் வழியுரிமை இத்தால் வழங்கப்படுகிறது என்பதுதான் அதன் பொருள். யாருக்கு, எப்போது, எந்த அகலத்தில், எப்படிப் பதிவுசெய்வது என்ற எதுவும் அதில் இல்லை. மனு இல்லை, பத்திரம் இல்லை. ஒன்பதாம் பிரிவு, உள்ளூர் வழமையாலும் சட்டங்களாலும் நீதிமன்றத் தீர்ப்புகளாலும் அங்கீகரிக்கப்பட்ட நீருரிமைகளை மத்திய அரசும் ஏற்றுப் பாதுகாக்கும் என்றது. இரண்டின் உள்ளர்த்தமும் ஒன்றே: போ, பயன்படுத்து, உரிமை தானாக வரும். எவ்வளவு பயன்படுத்தினால் உரிமை என்பதை மாநிலங்கள் சொல்லட்டும்.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் நவஹோ மக்கள் ஆயிரக்கணக்கானோர் தமது நிலத்தில் இருக்கவில்லை. 1864இல் படையினர் அவர்களது சோளத் தோட்டங்களையும் பீச் மரங்களையும் அழித்து, நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்திச் சென்று, நியூ மெக்சிக்கோவின் பொஸ்க் றெடோண்டோவில் அடைத்துவைத்திருந்தார்கள். 1868 யூன் 1ஆம் திகதி உடன்படிக்கைக்குப் பின்னரே அவர்கள் திரும்பிவர விடப்பட்டார்கள், அதுவும் பழைய நிலத்தின் ஒரு பகுதிக்கு மட்டும். பயன்பாடே உரிமை என்று எழுதப்பட்ட வேளையில், பயன்படுத்த முடியாதபடி கம்பிக் கணக்கில் அடைபட்டிருந்தவர்கள் அவர்கள். இந்த இரண்டு திகதிகளையும் அருகருகே வைத்துப் பேசும் சட்ட நூலை நான் இன்னும் காணவில்லை.

யூட்டாவில் மொர்மன் குடியேறிகள் 1847 யூலையில் வந்து சேர்ந்தவுடனேயே ஓடையைத் திருப்பி வயலுக்குப் பாய்ச்சினார்கள். ஆரம்பத்தில் நீர்ப் பங்கீடு சமூகத்தின் கையில் இருந்தது; 1903இல் மாநிலப் பொறியியலாளர் அலுவலகத்தினூடாக விண்ணப்பித்துப் பெறும் முறை ஏற்பட்டது. இச்சட்டத்தின் உயிர்நாடி 'பயனுள்ள பயன்பாடு'. தண்ணீரை எடுத்து ஏதேனும் செய்யவேண்டும். செய்யாமல் விட்டால் உரிமை பறிபோகும். அதற்கான காலம் முன்பு ஐந்து ஆண்டு, பின்னர் ஏழு ஆண்டு. ஆறு ஆறாகவே ஓடுவது நெடுங்காலம் பயன்பாடாகக் கொள்ளப்படவில்லை.

வழிக்கு வருவோம். யூட்டாச் சட்டப்படி ஒரு பாதையைப் பொதுமக்கள் பத்து ஆண்டுகள் தொடர்ச்சியாகப் பயன்படுத்தினால் அது பொதுத் தெரு. ஆனால் தெருவானபின் அதில் எவரும் போகாவிட்டாலும் அது தெருவே. முறைப்படி கைவிடுவதாக உத்தரவு போட்டாலன்றி அழியாது. பயன்படுத்தாத தண்ணீர் கையைவிட்டுப் போகும், பயன்படுத்தாத தெரு போகாது. ஒரே சட்டத்தின் அடுத்தடுத்த பிரிவுகளிலிருந்து எழுந்த இரண்டு உரிமைகளுக்கு இப்படி எதிரெதிரான விதிகள்! தற்செயல் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். நீர் விவசாயிகளுக்கிடையே கைமாறவேண்டியிருந்தது. தெருவோ மத்திய அரசுக்கு எதிராக வைத்துக்கொள்ளவேண்டிய துருப்பு. யூட்டா நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசினுடையது என்பதை நினைவிற்கொண்டால் இது விளங்கும்.

1976 ஒக்ரோபர் 21இல் கொங்கிரஸ் எட்டாம் பிரிவை நீக்கியது. அப்போது இருந்த உரிமைகள் தொடரும் என்றும் எழுதிவைத்தது. கதவைப் பூட்டித் திறப்பை வாசலில் வைத்துவிட்டுப் போன கதைதான். இதற்கிடையில் வண்டிகள் மாறிவிட்டன. போருக்குப் பின் ஜீப்புகள் மலிந்தன. 1970இல் அமெரிக்கச் சந்தைக்கு ஹொண்டாவின் மூன்று சில்லு வண்டி வந்தது, பின்னர் நான்கு சில்லு. 1972இல் நிக்சன் அரச நிலங்களில் இவ்வண்டிகள் எங்கு ஓடலாம், எங்கு ஓடக்கூடாது என்று வரையறுக்கும்படி கட்டளையிட்டார். மாட்டுக்காரனின் ஒற்றையடிப் பாதையும் ஐம்பதுகளில் யுரேனியம் தேடியவர்கள் புல்டோசரால் கீறிய கோடும் அதன்பிறகே பெறுமதி பெற்றன. அது பொதுத் தெருவென்றால் மத்திய அரசு வண்டியை மறிக்க முடியாது.

1996 இலையுதிர் காலத்தில் தெற்கு யூட்டாவின் மூன்று கவுண்ரிகள் அனுமதி கேளாமலே நிலம் சமப்படுத்தும் இயந்திரங்களை அரச நிலத்துக்குள் அனுப்பின. அவ்வழக்கில் 2005இல் பத்தாவது வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம், எது தெரு என்பதை மத்திய நில நிர்வாகம் தீர்மானிக்க முடியாது, நீதிமன்றமே தீர்மானிக்கவேண்டும், அதற்கு மாநிலச் சட்டமே அளவுகோல் என்றது. 2012இல் யூட்டா மாநிலம் 12,000க்கும் அதிகமான தெருக்களை உரிமைகோரி வழக்குகள் தொடுத்தது. பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் அவற்றுட் பெரும்பாலானவை முடிவடையவில்லை.

இவை எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்கவைத்தது சோல்ற் கிறீக் வழக்கு. கன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில், கொலராடோ, கிறீன் ஆகிய பெரிய ஆறுகளை விட்டால், ஆண்டு முழுவதும் நீர் காணும் ஓடைகள் மிக அரிது. சோல்ற் கிறீக் அவற்றுள் முக்கியமானது. சான் யுவான் கவுண்ரி தெருவென்று கோரிய ஏறத்தாழ 12 மைல் வழி இந்த ஓடையின் படுக்கையோடு பின்னிப் பிணைந்தே போகிறது. ஜீப் ஓடையில் இறங்கும், கரையேறும், மீண்டும் இறங்கும். அதாவது வழியே வாய்க்கால், வாய்க்காலே வழி. எண்ணெய் கலந்த நீர், நொறுங்கிய கரை, நாணல் அழிந்த திட்டுகள் என்று முறைப்பாடுகள் எழுந்தன. 1998இல் ஒரு நீதிமன்ற உத்தரவு மேற்பகுதியை மூடியது. 2004இல் பூங்கா நிர்வாகம் வண்டிகளைத் தடைசெய்தது. மாநிலமும் கவுண்ரியும் எட்டாம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வந்தன.

பூங்காவுக்கென நிலம் ஒதுக்கப்படுவதற்கு முன்னர் பத்து ஆண்டுகள் தொடர்ச்சியான பொதுப் பயன்பாடு இருந்ததா? இதுவே நீதிமன்றத்தின் முன்னிருந்த கேள்வி. மாட்டுப்பட்டிக்காரர் வந்துபோனார்கள், யுரேனியம் தேடியவர்கள் வந்துபோனார்கள், சில உல்லாசப் பயணிகளும் வந்தார்கள். இப்படி இடையிடையே வந்துபோனதைப் பொதுத் தெருப் பயன்பாடாகக் கொள்ள முடியாது என்று 2011இல் மாவட்ட நீதிமன்றமும் 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தீர்த்தன. ஓடை தப்பியது. எனக்கும் மகிழ்ச்சியே. எனினும் அதே பள்ளத்தாக்கில் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் புவெப்ளோ மக்களின் மூதாதையர் அந்த ஓடையை நம்பிச் சோளம் பயிரிட்டார்கள். அவர்களின் களஞ்சியங்களும் பாறை ஓவியங்களும் அங்கே நிற்கின்றன. அவை தொல்லியல் என்ற தலைப்பின்கீழ் பாதுகாக்கப்படுகின்றன. பயன்பாடு என்ற தலைப்பின்கீழ் அவற்றுக்கு இடமில்லை.

2014 மே 10இல் அதே கவுண்ரியின் ஆணையாளர் பில் லைமன், றீகப்சர் பள்ளத்தாக்குக்குள் நான்கு சில்லு வண்டிகளின் எதிர்ப்பு ஊர்வலம் ஒன்றை நடத்தினார். தொல்லியல் இடங்களைக் காப்பதற்காக 2007இல் வண்டிகளுக்கு மூடப்பட்ட இடம் அது. பத்து நாள் சிறைத் தண்டனை பெற்றார். பிறகு மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார். 2020 டிசம்பரில் சனாதிபதி ட்ரம்ப் மன்னிப்பு வழங்கினார். இவரை வெறும் சண்டியர் என்று எழுதிவிட்டால் வேலை சுலபம். ஆனால் அந்தக் கவுண்ரியில் நூற்றுக்கு எட்டு வீதமளவு நிலமே தனியாருடையது. தூரத்துத் தலைநகரம் தம் ஊர்ப் பாதையை மூடுகிறது என்ற அவ்வூராரின் கோபம் முழுவதும் பொய்யல்ல. கவுண்ரியின் சனத்தொகையில் ஏறத்தாழ அரைவாசி சுதேச மக்கள் என்பதும், அவர்களில் ஒதுக்கு நிலத்தில் வாழ்ந்தோர் யூட்டாவில் 1957 வரை வாக்களிக்கச் சட்டம் இடமளிக்கவில்லை என்பதும் அந்தக் கோபத்தில் சொல்லப்படுவதில்லை. பத்து ஆண்டுப் பொதுப் பயன்பாடு கணக்கிடப்படும் காலத்தின் பெரும்பகுதியில் அவர்கள் அந்தப் 'பொது'வுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

இந்தப் பத்து ஆண்டு எமக்கும் தெரிந்த கணக்கு. இலங்கையின் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டமும் பத்து ஆண்டுத் தடையற்ற ஆட்சியையே கேட்கிறது. ஓடிப்போனவனின் காணியில் இருந்தவனுக்குக் காலம் சாதகமாக ஓடும். 2016இல் வந்த 5ஆம் இலக்கச் சட்டம், போரினால் தமது உரிமையைக் கோரமுடியாமற் போனோருக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் எண்ணப்படாது என்றது. அதிற் குறைகள் உண்டு. ஆனாலும் ஆள் ஊரில் இல்லாததற்குக் காரணம் கேட்கவேண்டும் என்பதைச் சட்டம் ஒத்துக்கொண்டது அது. 1866 சட்டத்தில் அந்தக் கேள்வி எழவேயில்லை.

நீரில் மட்டும் ஒரு சந்து திறந்தது. 1908இல் மொன்ரானாவின் மில்க் ஆறு பற்றிய வின்ரர்ஸ் வழக்கில், ஒதுக்கு நிலம் உருவானபோதே அதற்கு வேண்டிய நீரும் ஒதுக்கப்பட்டதாகக் கொள்ளவேண்டும், பயன்படுத்தாமையால் அது அழியாது என்ற கோட்பாடு பிறந்தது. காகிதத்தில் நல்ல கோட்பாடு. 1922இல் ஏழு மாநிலங்கள் கொலராடோ ஆற்றைப் பங்கிட்டபோது சுதேச மக்களைப்பற்றி ஒரு வரி எழுதினார்கள், பங்கு எழுதவில்லை. 2023 யூனில் உச்சநீதிமன்றம், 1868 உடன்படிக்கை நவஹோ மக்களுக்கு நீரைப் பெற்றுக்கொடுக்க நடவடிக்கை எடுக்கும் கடமையை மத்திய அரசின்மேல் சுமத்தவில்லை என்று ஐந்துக்கு நான்காகத் தீர்த்தது.

2022இல் யூட்டாச் சட்டசபை ஒரே கூட்டத்தொடரில் இரண்டு சட்டங்களை இயற்றியது. ஒன்று, அரச நிலங்களில் இவ்வண்டிகளை ஓட்டுவோர் பயிற்சிப் பாடம் ஒன்றை முடித்திருக்கவேண்டும் என்றது. மற்றது, பெரிய உப்பு ஏரி வற்றிக் கிடந்த நிலையில், நீரை ஓடையிலேயே விட்டுவைப்பதையும் உரிமையின் பயன்பாடாகக் கொள்வதற்கான வழியை அகலப்படுத்தியது.

அந்த ஆண்டு மே மாதம் மொனுமென்ற் பள்ளத்தாக்கில் நவஹோ மக்களும் யூட்டா மாநிலமும் மத்திய அரசும் ஓர் உடன்பாட்டில் கையொப்பமிட்டன. யூட்டாப் பகுதியிலுள்ள நவஹோ மக்களுக்கு ஆண்டுக்கு 81,500 ஏக்கர்-அடி நீர். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீரே ஏக்கர்-அடி. குழாய்கள் போடவேண்டிய பணத்துக்குத் தனியாக நிதி ஒதுக்கப்பட்டது. பயன்படுத்தவில்லை என்ற காரணத்தால் இந்த உரிமை இழக்கப்படமாட்டாது என்ற வாசகம், இதற்கு ஒப்புதலளித்து 2020 டிசம்பரில் கொங்கிரஸ் இயற்றிய சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.