ஞானாம்பாளும் கண்டி மாநகரும்

தமிழ் நாவலின் வரலாற்றைக் கூறுவோர் மாயூரத்தையும் கண்டியையும் சேர்த்து நினைப்பது அரிது. ஒன்று காவிரி பாயும் மருத நிலத்து ஊர். மற்றொன்று மலைகள் அரண் செய்யும் வாவிக்கரை நகரம். எனினும், மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆறே ஆண்டுகளின் பின், 1885-இல், கண்டியிற் பிறந்த வழக்கறிஞர் சித்திலெப்பை 'அசன்பேயுடைய சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டார். முன்னது தமிழின் முதல் நாவல். பின்னது ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுவது. நீதிமன்றத்தோடு பழகிய இருவர் கதை சொல்லப் புகுந்தமை வியப்பன்று. மனிதரின் பொய்யும் மெய்யும் நாள்தோறும் வந்து நிற்கும் இடம் அதுவேயன்றோ!

பிரதாப முதலியார் சரித்திரம் இன்றைய மாணவருக்கு எளிதில் வசப்படும் நூலன்று. கதை சிறிது நடக்கும். உடனே ஓர் உபகதை குறுக்கிடும். அதற்குள் ஒரு நீதியுரை முளைக்கும். நீதிமன்றங்களில் தாய்மொழி வழங்கவேண்டிய அவசியத்தைப் பற்றிய நீண்ட விவாதமும் உண்டு. பொறுமையற்றவர் முதற் சில அதிகாரங்களிலேயே நூலை மூடிவிடுவர். அவர்கள் இழப்பது ஞானாம்பாளை.

கதையைச் சொல்பவன் பிரதாபன். ஆனால் கதையை நடத்துபவள் அவளே. அவனோடு ஒன்றாகக் கல்வி கற்றவள், கூரிய அறிவினள். வேட்டைக்குச் சென்ற இடத்திற் பிரிந்து, விக்கிரமபுரியிற் சிறைப்பட்ட கணவனைத் தேடி, ஆணுடை தரித்துப் புறப்படுகிறாள். அந்நகரத்து யானை அவள் கழுத்தில் மாலையிட, அரசனாகவே அவளை ஏற்கின்றனர் மக்கள். கணவன் விடுதலை பெறுவதோடு, நாட்டின் சீர்கேடுகளும் அவள் ஆட்சியில் திருந்துகின்றன.

இங்கே ஒரு கேள்வி எழும். ஆணுடை எதற்கு? நூல் வெளிவந்த காலத்தில் இந்தியாவையும் இலங்கையையும் ஆண்டவர் விக்டோரியா மகாராணியார். அத்தகைய காலத்திலும், தமிழ்ப் பெண்ணொருத்தியை அரியணையில் அமர்த்த ஆசிரியருக்குத் தலைப்பாகை தேவைப்பட்டது. இதனை அவர் குறையென்று மட்டும் தள்ளுதல் பொருந்தாது. பெண் கல்வியை வலியுறுத்திப் 'பெண்மதி மாலை' பாடியவர் அவர். தம் வாசகர் எவ்வளவு தூரம் உடன்வருவர் என்பதை அறிந்தே அடியெடுத்து வைத்தார் எனலாம்.

சித்திலெப்பையின் நாவலிலோ நாயகன் ஆண்மகன். எகிப்திற் பிறந்து, குழவிப் பருவத்திற் கடத்தப்பட்டு, பம்பாயில் வளர்பவன். ஞானாம்பாளுக்கு நிகரானவளை அவர் ஏட்டிலன்றிக் கண்டித் தெருவிலே தேடவேண்டும். 1882-இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிக் கல்வியின் இன்றியமையாமையை இடைவிடாது எழுதிவந்த அவர், 1891-இல் கண்டி திருகோணமலை வீதியிலே முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை நிறுவினார். ஆண்பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியையே சமூகத்தில் பலர் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. பாடசாலையின் பொறுப்பைத் தம் சகோதரி முத்து நாச்சியாவிடம் அவர் ஒப்படைத்தார். விக்கிரமபுரி அரசிக்குத் தேவைப்பட்ட மாறுவேடம் இந்தத் தலைமையாசிரியைக்குத் தேவைப்படவில்லை.

ஞானாம்பாளை அறிய விரும்பும் மாணவர் நூலைத் தொடக்கத்திலிருந்தே படிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விக்கிரமபுரி அதிகாரங்களை முதலிற் படித்துவிட்டுப் பின்பு முதலேட்டுக்குத் திரும்பலாம். அப்பொழுது, இருவரும் ஒன்றாகப் பாடங்கேட்ட அந்த இளமைப் பகுதி வெறும் வேடிக்கையாகத் தோன்றாது. அரசு நடத்தும் ஆற்றல் எங்கே விளைந்தது என்பது அங்கே தெரியும்.