ஓட்டுக் கேட்டவர் காட்ட வேண்டிய கணக்கு: சங்கரன்கோவில் 2012

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் இருக்கிறது மானூர். அவ்வூர் அம்பலநாதர் கோயிலில், பாண்டியன் மாறன் சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு; காலம் ஏறத்தாழ கி.பி. 800. ஊர்ச் சபையில் உட்கார யாருக்குத் தகுதி என்பதோடு, உட்கார்ந்தவர் எப்படி நடக்க வேண்டும் என்பதையும் அது சொல்கிறது. வருகிற காரியத்துக்கெல்லாம் மறுப்புச் சொல்லி முட்டுக்கட்டை போடுபவருக்கும், அவருக்குத் துணை நிற்பவருக்கும் ஐந்து காசு தண்டம். இதற்கு நூறாண்டுக்குப் பின் வந்த முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரை மட்டுமல்ல, அவருடைய உறவினரையும் குடவோலையிலிருந்து விலக்கியது. இந்தச் சபைகளைக் கண்டு பெருமைப்படுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். நிலமும் வேதப் படிப்பும் உள்ள சிலருக்குத்தான் அங்கே இடம். உழுதவருக்கும் நெய்தவருக்கும் இல்லை. அதே வட்டாரத்தில் இன்று சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதி.

கணக்குக் காட்டும் கடமை மட்டும் இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வேட்பாளர் தேர்தல் செலவுக் கணக்கை முடிவு வெளியான 30 நாளுக்குள் தர வேண்டும். தக்க காரணமின்றித் தவறினால் தேர்தல் ஆணையம் அவரை மூன்றாண்டு தகுதியிழக்கச் செய்யலாம். சொத்து விவரத்தையும் குற்ற வழக்குகளையும் முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்பது 2002இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் வழி வந்தது. பணத்துக்கு இப்படிக் கணக்கு உண்டு. சொன்ன சொல்லுக்குக் கிடையாது. வென்ற பின் என்ன செய்யப் போகிறோம் என்பதை ஓட்டுப் போடுமுன்பே வாக்காளரிடம் சொல்லும் கடமை எந்தப் பிரிவிலும் இல்லை. அந்த இடைவெளி எவ்வளவு பெரிது என்பதைக் காட்டியது 2012 சங்கரன்கோவில் இடைத்தேர்தல்.

1996இல் அ.தி.மு.க. தமிழகம் முழுக்கத் தோற்று, பர்கூரில் ஜெயலலிதாவே வீழ்ந்தபோதும், கட்சி வென்ற நான்கு தொகுதிகளில் சங்கரன்கோவில் ஒன்று. வென்றவர் சி. கருப்பசாமி. 2001, 2006, 2011 தேர்தல்களிலும் அவரே வென்றார். 2011இல் அமைச்சரான சில மாதங்களில், அக்டோபர் 22 அன்று காலமானார். காலியான இடத்தை ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்பது விதி. 2012 மார்ச் 18இல் வாக்குப்பதிவு நடந்தது.

இடையில் ஊர் நிலவரம் மாறியிருந்தது. 2011 அக்டோபர் நடுவில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. நவம்பர் 17இல் பஸ் கட்டணமும் பால் விலையும் ஏறின. பல மணி நேர மின்வெட்டு வேறு. விசைத்தறியை நம்பிப் பிழைக்கும் சங்கரன்கோவிலில் தறி நின்றால் அன்றைய கூலி நின்றது என்று பொருள். விலையேற்றத்தை ஒட்டி 2012 பிப்ரவரி 1இல் சட்டமன்றத்தில் தே.மு.தி.க. தலைவர் விஜயகாந்துக்கும் ஆளுங்கட்சியான அ.தி.மு.க.வுக்கும் மோதல் வெடித்தது. 2011 தேர்தலில் சேர்ந்து நின்ற இரு கட்சிகளின் கூட்டணி ஓராண்டுக்குள் உடைந்தது. துணிவிருந்தால் சங்கரன்கோவிலில் தே.மு.தி.க. தனித்து நின்று பார்க்கட்டும் என்று முதல்வர் ஜெயலலிதா சவால் விட்டார். தொகுதியின் தேவை பின்னுக்குப் போய், இரண்டு கட்சிகளின் கௌரவச் சண்டைக்குத் தொகுதி களமானது.

ஆளுங்கட்சி நிறுத்திய வேட்பாளர் எஸ். முத்துச்செல்வி, சில மாதங்களுக்கு முன்புதான் நகராட்சித் தலைவராக வந்தவர். அமைச்சர்கள் படையாக வந்து முகாமிட்டனர். தி.மு.க., ம.தி.மு.க., தே.மு.தி.க. மூன்றும் தனித்தனியாக நின்றன. மார்ச் 21இல் முடிவு வந்தபோது முத்துச்செல்வி 68,757 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். 2009 திருமங்கலத்தைப் போலவே இங்கும் ஆளுங்கட்சியே வென்றது. மீதிக் காலம் முழுக்க அரசோடு ஒட்டியிருந்தால்தான் ஊருக்கு ஏதாவது நடக்கும் என்பது இடைத்தேர்தல் வாக்காளரின் நடைமுறைக் கணக்கு. அதைக் குறை சொல்ல முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சங்கரன்கோவில் அன்று இருந்த திருநெல்வேலி மாவட்டத்தில்தான் கூடங்குளம் அணுமின் நிலையமும் இருக்கிறது. மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தக் கோரி 2011 செப்டம்பர் 22இல் மாநில அமைச்சரவை தீர்மானம் போட்டது. உலைகளைத் திறக்கலாம் என்றும், அப்பகுதிக்கு 500 கோடி ரூபாய் சிறப்புத் திட்டம் என்றும் அதே அமைச்சரவை முடிவெடுத்தது 2012 மார்ச் 19இல். சங்கரன்கோவிலில் ஓட்டுப் போட்ட விரல் மை காயாத மறுநாள். மார்ச் 30இல் மின்கட்டண உயர்வு அறிவிக்கப்பட்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. முடிவுகள் சரியா தவறா என்பது தனி விவாதம். மின்சாரமே முதல் கவலையாக இருந்த தொகுதியில், மின்சாரம் பற்றிய இரண்டு பெரிய முடிவுகளும் ஓட்டுப்பெட்டி மூடியபின் வந்தன என்பதுதான் இங்கே விஷயம். தேதிகளே சொல்கின்றன.

இதற்குப் பொறுப்பேற்று, வென்ற முத்துச்செல்வியாவது மறுபடி மக்கள் முன் வந்தாரா என்றால், அதுவும் இல்லை. 2016இல் அ.தி.மு.க. நிறுத்தியது வி.எம். ராஜலட்சுமியை. அவர் 14,489 வாக்கு வித்தியாசத்தில் வென்று பின்னர் அமைச்சரும் ஆனார். ஆளை மாற்றிவிட்டால் பழைய கணக்கை யாரிடம் கேட்பது? இந்திய வாக்காளருக்குச் சட்டமன்ற உறுப்பினரைத் திரும்ப அழைக்கும் உரிமை இல்லை. 2021இல் ராஜலட்சுமியே மீண்டும் நின்றார், தி.மு.க.வின் ஈ. ராஜா அவரை 5,297 வாக்குகளில் தோற்கடித்தார்.

சங்கரன்கோவில் நகராட்சியில் நிலை சற்று வேறு. 2011இல் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி வந்த தலைவர் 2025 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் பதவி இழந்தார். அவரை இறக்கியதும் கவுன்சிலர்கள்தான்; வாக்காளர்களுக்கு அதிலும் பங்கு இல்லை.