அரத்தால் வந்த பெயர்

திண்டுக்கல் பூட்டுக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது என்று கேட்டால், சுற்றுவட்டாரத்தில் இரும்பு தாராளமாகக் கிடைத்ததுதான் காரணம் என்பார்கள். இந்த விளக்கம் போதாது என்பது என் கருத்து. கஞ்சமலையின் இரும்புத் தாதுவுக்குப் பேர்போன சேலம் பூட்டு ஊராகவில்லை. மேலும், இங்கே செய்யும் லீவர் பூட்டில் காவலைத் தீர்மானிப்பது வெளியே தெரியும் கனத்த உடல் அல்ல, உள்ளே அடுக்கியிருக்கும் லீவர்கள் என்ற மெல்லிய தகடுகள். அவை பெரும்பாலும் பித்தளை. பித்தளைக்கு வேண்டிய செம்பும் துத்தநாகமும் இந்தச் சமவெளியில் விளைந்தவை அல்ல. தொழிலைத் தொடங்கி வைத்தவர்கள் சங்கரலிங்க ஆச்சாரி சகோதரர்கள் என்று ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி என்று அது பரவியபோது கைமாறியது கையும் அரமும் சேர்ந்த ஒரு பழக்கம். திண்டுக்கல் பூட்டின் வரலாறு சிறு பாகங்களை வெட்டி, அராவி, பொருத்தும் வேலையின் வரலாறுதான்.

அந்த வேலையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். தகட்டிலிருந்து லீவரை வெட்டி எடுத்ததும் அதன் ஓரத்தில் பிசிர் நிற்கும். வெறும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத அந்தப் பிசிர் பக்கத்துத் தகட்டைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகத் தூக்கும், பூட்டு சிக்கும். ஆகவே முதல் வேலை பிசிரை எடுப்பது. அடுத்தது சாவியின் படிகளும் லீவர்களும் ஒத்துப்போகும்படி அராவுவது. சாவி திரும்பும்போது ஒவ்வொரு லீவரும் தனக்குரிய உயரத்துக்கு எழும்ப வேண்டும். எல்லா லீவர்களின் வாய்களும் ஒரே கோட்டில் வந்தால்தான் தாழ்ப்பாளின் முளை உள்ளே நுழையும். ஒன்று குறைவாக எழும்பினாலும் திறக்காது, அதிகமாக எழும்பினாலும் திறக்காது. அராவி எடுத்த பித்தளையைத் திரும்ப ஒட்ட வழியில்லை என்பதால், ஓர் இழுப்பு கூடிவிட்டால் அந்தத் தகடு வீண்.  இந்த நிதானத்தை நம்பித்தான் ஒரு கருவூலமோ கோயில் உண்டியலோ இருக்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வட இந்தியப் பூட்டு நகரான அலிகாரில் இயந்திரம் ஒரே அளவில் லீவர்களை அடித்துத் தள்ளுகிறது. விலை குறைவு, பாகம் கெட்டால் மாற்றலாம். கைவேலையில் அளவு முன்னே பின்னே இருக்கும், அந்த ஏற்றத்தாழ்வே திருடனுக்கு வழிகாட்டும் என்பார்கள். இதைத் தள்ளிவிட முடியாது. 1851இல் லண்டன் கண்காட்சியையொட்டி அமெரிக்கரான ஆல்ஃபிரட் ஹாப்ஸ் சாவியில்லாமலே சப் நிறுவனத்தின் லீவர் பூட்டை 25 நிமிடங்களில் திறந்துகாட்டினார். லீவர்களை நெருக்கும்போது எது முதலில் இறுகுகிறது என்பதைத் தடவி அறிவதுதான் இந்த வித்தைக்கு ஆதாரம். பாகங்களுக்கிடையே தளர்வு எவ்வளவோ, கள்ளக் கைக்கு அவ்வளவு சேதி. எனவே கையால் செய்தது என்பதற்காகவே ஒரு பூட்டு உயர்ந்ததாகிவிடாது.

ஆனால் இந்த மறுப்பு என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது. காவலை முடிவு செய்வது லீவர்களின் எண்ணிக்கை மட்டுமல்ல, அவற்றின் பொருத்தமும்தான். இயந்திரம் எல்லாத் தகட்டையும் ஒரே மாதிரி வெட்டலாம். குறிப்பிட்ட ஒரு சாவிக்கு அடுக்கு முழுவதையும் இசைய வைக்க, யாரோ ஒருவர் தளர்வைக் கையால் உணர்ந்து குறைத்தாக வேண்டும். தேர்ந்த கம்மியர் செய்தது அதைத்தான். அளவுக்கு அடித்த சாவிகளில் ஒரே வகை திரும்பத் திரும்ப வரும். தனித்தனியாக அராவிய சாவியில் அந்த அபாயம் குறைவு. திண்டுக்கல்லின் மாங்காய்ப் பூட்டு என்ற வகையை வாங்கியவர்கள் கூடுதல் விலை கொடுத்தது இதற்குத்தான்.

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழில் இளைத்துப்போனதற்கு அலிகாரை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மை. விலைப் போட்டியில் இறங்கியதும் முதலில் சுருங்குவது கண்ணுக்குத் தெரியாத வேலை. எண்ணிக்கைக்குக் கூலி என்றால், பிசிர் எடுக்கச் செலவிடும் நேரத்துக்குக் காசு கிடையாது. 2019 ஆகஸ்டில் கண்டாங்கிச் சேலையோடு சேர்ந்து திண்டுக்கல் பூட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அது பெயரையும் இடத்தையும் காக்கும். அரம் பிடித்தவருக்கு மணிக்கணக்கில் கூலி கொடுப்பதும், அவரிடம் ஓர் இளைஞனை உட்கார வைப்பதும் பூட்டை வாங்கும் வங்கிகளும் கோயில் நிர்வாகங்களும் அரசும் எடுக்க வேண்டிய முடிவு.